அமெரிக்க டிவி சீசன் 2025-26: கொஞ்சம் கருத்து, நிறைய புலம்பல்

செமஸ்டர் முடிஞ்சது. நூத்துச் சொச்சம் பேப்பர் திருத்திக் கொடுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நாளைக்கு எந்தப் புரொபசரும் என்னைத் தேட மாட்டார் என்கிற தைரியத்தில், பல மாசமா மனசுக்குள்ளே ஓடிக்கிட்டிருந்த ஒரு விஷயத்தை இறக்கி வெச்சுடறேன். இந்த 2025-26 சீசன் அமெரிக்க டிவி எப்படி இருந்தது?

"பேங்க்ல லோன் போட்டு படிக்க அனுப்பினா, இவன் டிவி பார்த்துட்டு விமர்சனம் எழுதறான்" என்று யாரோ முணுமுணுப்பது கேட்குது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தாங்க. அதுவும் ராத்திரி சாப்பிடும்போது. தட்டில் ரசம் சாதம், எதிரே லேப்டாப். வெளிநாட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்களுக்கு இது புரியும். புரியாதவங்க கொடுத்து வெச்சவங்க.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிடறேன். படம் பிடிக்கிறதில் குறை இல்லை, நடிப்பில் குறை இல்லை, காசைத் தண்ணியா செலவு பண்றாங்க. ஆனா பெரிய பெரிய தொடர்கள் எல்லாம் வெளிநாட்டு மாமா மாதிரி ஆயிடுச்சு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றார், எட்டு நாள் தங்கறார், சாக்லேட் கொடுத்துட்டுக் கிளம்பிடறார். அடுத்த தடவை வரும்போது நமக்கு அவர் முகமே மறந்து போயிருக்கு. இதுக்கு விதிவிலக்கா ரெண்டு தொடர் இருக்கு. அதில் ஒண்ணு நான் படிக்கிற பிட்ஸ்பர்க்கிலேயே நடக்கிற கதை என்பதால் கொஞ்சம் ஓவரா பேசினா மன்னிச்சுக்கோங்க.

முதலில் "சீசன்" என்றால் என்ன என்று பார்த்துடுவோம். இங்கே பழைய வழக்கப்படி செப்டம்பர் கடைசியில் தொடர் ஆரம்பிக்கும், மே மாசம் முடியும். வாரத்துக்கு ஒண்ணு, மொத்தம் 22 அல்லது 24 எபிசோடு. நவம்பர், பிப்ரவரி, மே மாசங்களில் யார் யார் எதைப் பார்க்கறாங்க என்று விசேஷமா கணக்கெடுப்பாங்க. விளம்பர ரேட் அதை வெச்சுத்தான். அதனால் கல்யாணம், துப்பாக்கிச் சூடு, பழைய காதலி திரும்பி வர்றது எல்லாம் கரெக்டா அந்த மாசங்களில்தான் நடக்கும் :-) நூறு எபிசோடு தொட்டுட்டா மத்த சேனல்கள் மறு ஒளிபரப்புக்கு வாங்கிப் போடும், அங்கேதான் நிஜமான காசு. அதனால் நூறை நோக்கி ஓடினாங்க. நோக்கம் வியாபாரம்தான், யாரும் கலைச்சேவை பண்ணலை. ஆனா அந்த வியாபாரத்தால் பார்க்கிறவனுக்கு ஒரு லாபம் இருந்தது: சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், வருஷா வருஷம் ஆள் வந்து நின்னாங்க. 'ஈஆர்' என்று ஒரு ஆஸ்பத்திரித் தொடர். 1994-லிருந்து 2009 வரை 15 சீசன், 331 எபிசோடு. முதல் சீசன் மட்டுமே 25.

2013 பிப்ரவரி 1-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 எபிசோடையும் ஒரே நாளில் கொட்டினது. அதுக்கப்புறம் 13 என்பது 10 ஆச்சு, 10 எட்டாச்சு. வருஷத்துக்கு ஒரு சீசன் என்பது ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆச்சு. 'செவரன்ஸ்' முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிஞ்சது, ரெண்டாவது 2025 ஜனவரியில் வந்தது. நடுவில் ஒருத்தன் எம்.எஸ். சேர்ந்து, படிச்சு முடிச்சு, வேலைக்கும் போயிடலாம்.

சரி, இந்த சீசனுக்கு வருவோம்.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் - கடைசி சீசன். நவம்பர் 26, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 என்று மூணு தவணையா விட்டாங்க. கடைசி எபிசோடை தியேட்டரிலும் போட்டாங்க. மொத்தக் கணக்கைப் பாருங்க: 2016 ஜூலையில் ஆரம்பிச்சு 2025 டிசம்பர் வரை ஒன்பதரை வருஷம், 42 எபிசோடு. நம்ம 'கோலங்கள்' 2003-லிருந்து 2009-க்குள் ஆயிரத்தைந்நூறைத் தாண்டினது. அது ஒரு கோடி, இது மறுகோடி. நடுவில் எங்கேயோ மனுஷன் பார்க்கிற மாதிரி ஒரு அளவு இருக்கணும் இல்லையா?

கதையில் பெரும்பகுதி 1983-லிருந்து 1987 வரை நாலே வருஷத்தில்தான் நடக்குது. வெளியே ஒன்பதரை வருஷம் ஓடிடுச்சு. அந்தச் சின்னப் பசங்க எல்லாருக்கும் இருபது வயசு தாண்டிடுச்சு. லெவனா நடிச்ச மில்லி பாபி பிரவுனுக்கு 2024-லேயே கல்யாணமும் ஆயாச்சு. அவங்க ஸ்கூல் பசங்களா சைக்கிள் ஓட்டும்போது, கல்லூரி ஆண்டு விழாவில் சீனியர் அண்ணன்கள் டிராயர் போட்டு ஸ்கூல் பையன் வேஷம் கட்டற மாதிரி இருந்தது. நடிகர்கள் மேல தப்பில்லை. மூணு வருஷம் அவங்களைக் காக்க வெச்சவங்க மேலதான் என் கோபம். முதல் சீசன் வந்தப்போ நான் ஸ்கூல் பையன். கடைசி எபிசோடு பார்க்கும்போது பாதிப் பேரோட பேரு ஞாபகம் இல்லை, யூடியூபில் கதைச்சுருக்கம் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தேன். பரீட்சைக்கு நோட்ஸ் படிக்கிற மாதிரி ஒரு தொடருக்கும் படிக்க வேண்டியிருந்தா, அதில் என்னங்க சந்தோஷம்?

புளூரிபஸ். 'பிரேக்கிங் பேட்' எடுத்த வின்ஸ் கில்லிகன் எடுத்தது. ஆப்பிளில் நவம்பர் 7-ஆம் தேதி ஆரம்பிச்சது, மொத்தம் 9 எபிசோடு. உலகத்தில் உள்ள எல்லாரோட மூளையும் ஒண்ணா இணைஞ்சு, எல்லாரும் சாந்தமா, சிரிச்ச முகமா ஆயிடறாங்க. பதிமூணு பேர் மட்டும் தப்பிக்கறாங்க. அதில் ஒருத்தி கேரல், எரிச்சல் பிடிச்ச நாவலாசிரியை. ரியா சீஹார்ன் கலக்கியிருக்காங்க. ஒரு எபிசோடில் ஒண்ணுமே நடக்காது, ஆனா கண்ணை எடுக்க முடியாது. வாரா வாரம் விட்டதால் நடுவில் ஆறு நாள் யோசிக்க நேரம் இருந்தது. எல்லாரும் சந்தோஷமா இருந்தா நல்லதுதானே, இவ ஏன் அடம் பிடிக்கிறா என்று எங்க ரூமில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில், இது மனுஷங்க எடுத்தது என்று ஒரு வரி போடறாங்க. அதைக்கூட இப்போ தனியா சொல்லிக்க வேண்டிய காலம்!

அபாட் எலிமெண்டரி. இதுதான் விதிவிலக்கு நம்பர் ஒன்று. ஃபிலடெல்பியாவில் ஒரு ஏழை அரசுப் பள்ளி, அதில் வேலை பார்க்கிற டீச்சர்கள், காமெடி. ஏபிசி சேனலில் 2021 டிசம்பரிலிருந்து வருது, எழுதி நடிக்கிறது குவின்டா பிரன்சன். 2024-25-இல் பழைய பாணியில் 22 எபிசோடு. ஐந்தாவது சீசனும் சொன்னபடி அடுத்த அக்டோபரிலேயே வந்தது. எல்லா எபிசோடும் சூப்பரா? கிடையாது. மொக்கையும் உண்டு. ஆனா வாரா வாரம் அந்த டீச்சர்ஸ் ரூமுக்குள்ளே போய் உட்கார்ந்துட்டு வந்தா, பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசிட்டு வந்த மாதிரி இருக்கு. மொக்கை எபிசோடு இருக்கிறதுதான் அந்தப் பழக்கத்துக்கே காரணம் என்று எனக்குத் தோணுது. தினமும் விருந்து சாப்பாடு போட்டா யாருங்க வீட்டு மனுஷன் ஆவாங்க?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

த பிட். எச்பிஓ மேக்ஸில் முதல் சீசன் 2025 ஜனவரி 9-ஆம் தேதி ஆரம்பிச்சது. பிட்ஸ்பர்க்கில் ஒரு கற்பனை ஆஸ்பத்திரி, அதோட அவசர சிகிச்சைப் பிரிவு. காலை 7 மணிக்கு டியூட்டி ஆரம்பம். ஒரு எபிசோடு ஒரு மணி நேரம். அப்படி 15 எபிசோடு, 15 மணி நேரம், ஒரே நாள். டாக்டர் ராபியா நோவா வைலி. அதே 'ஈஆர்' தொடரில் மருத்துவ மாணவனா ஆரம்பிச்ச அதே ஆள்தான். அப்போ ஐந்து தடவை எம்மி விருதுக்குப் பேர் போய் ஒண்ணும் கிடைக்கலை. 2025 செப்டம்பரில் சிறந்த நடிகர் விருது வாங்கினார், தொடருக்கும் சிறந்த டிராமா விருது.

முக்கியமான விஷயம், ரெண்டாவது சீசன் 2026 ஜனவரி 8-ஆம் தேதி வந்துடுச்சு. ஒரே வருஷம்! அதே 15 எபிசோடு, அதே வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. எப்படி முடிஞ்சது? கிராபிக்ஸ் கிடையாது, ஊர் ஊரா போய் எடுக்கிறது கிடையாது. பர்பேங்கில் ஒரு செட்டைப் போட்டு அதுக்குள்ளேயே பெரும்பாலும் எடுத்துடறாங்க. எபிசோடுக்கு 40, 50 லட்சம் டாலர்தான் செலவு என்று எச்பிஓ தலைவர் கேசி பிளாய்ஸே சொன்னார். 'செவரன்ஸ்' ரெண்டாவது சீசனுக்கு எபிசோடுக்கு ரெண்டு கோடி டாலர் வரை ஆச்சு என்று பத்திரிகைகள் எழுதின. குறைஞ்ச காசு, நிறைய எபிசோடு, வருஷா வருஷம். 1994-லேயே தெரிஞ்ச வித்தை இது. நடுவில் மறந்து போச்சு, அவ்வளவுதான்.

பதினஞ்சு எபிசோடு இருந்தா என்ன கிடைக்கும் என்பதுக்கு ஒரு உதாரணம். சமிரா மோகன் என்று ஒரு ஜூனியர் டாக்டர், சுப்ரியா கணேஷ் நடிச்சது. ஒவ்வொரு நோயாளிகிட்டயும் உட்கார்ந்து பேசறதால் வேலை மெதுவா நடக்குது என்று 'ஸ்லோ-மோ' என்று கிண்டல் பண்றாங்க. ஒரு கறுப்பினப் பெண்ணை வலி மருந்துக்காக நடிக்கிறா என்று நினைச்சுக் கட்டி இழுத்துட்டு வர்றாங்க. அவங்களுக்கு நிஜமாவே சிக்கிள் செல் நோய், உயிர் போற வலி. அதைச் சட்டென்று புரிஞ்சுக்கிட்டு மரியாதையா பேசறது இந்த ஸ்லோ-மோதான். எட்டு எபிசோடு தொடரில் இந்த மாதிரி ஆளுக்கு இடமே இருக்காது. கதை எங்கே, வில்லன் எங்கே, ஓடு ஓடு என்று விரட்டுவாங்க.

இன்னொண்ணு. ஒரு எபிசோடில் வயசான நோயாளி ஒருத்தர் வர்றார், தான் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவன் என்கிறார். இந்த ஊர் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் 1967-இல் ஆரம்பிச்ச சேவை அது. கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வண்டியிலேயே சிகிச்சை பண்ண வெச்சாங்க. இன்னைக்கு நாம பாராமெடிக் என்று சொல்ற வேலைக்கு அமெரிக்காவில் முன்னோடி அவங்கதான். 1975-இல் நகராட்சி அதை மூடிடுச்சு. நான் தினமும் 61சி பஸ்ஸில் போற ஊர் இது. இந்தக் கதை எனக்கு டிவி பார்த்துத்தான் தெரிஞ்சது. மறுநாள் லேபில் கூட வேலை பார்க்கிற பொண்ணுகிட்டே கேட்டேன். இந்த ஊர்க்காரி, அவங்க அம்மா முப்பது வருஷம் நர்ஸ். அதுவரைக்கும் என்கிட்டே "குட் மார்னிங்" தவிர வேற பேசினதில்லை. அன்னைக்கு முக்கால் மணி நேரம் பேசினா. அதுக்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நேத்து எபிசோடில் எது சரி, எது ரீல் என்று அவங்க அம்மா சொன்ன லிஸ்டோட வருவா. மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் கொட்டியிருந்தா, அவ ஒரு எபிசோடில் இருப்பா, நான் ஒன்பதாவதில் இருப்பேன், "கதையைச் சொல்லிடாதே" என்று ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுப் போயிருப்போம்.

ஏன் இந்தத் தொடர் எனக்கு இவ்வளவு உறைக்குது என்பதுக்கு வேற காரணமும் இருக்கு. போன குளிர்காலத்தில் எங்க ரூம்மேட் (குண்டூர் பையன்) பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிப் போச்சு. வலியில் துடிக்கிறான். அப்பவும் அவன் முதலில் சொன்னது, "ஆம்புலன்ஸ் மட்டும் கூப்பிடாதீங்கடா". இங்கே படிக்கிற எவனுக்கும் அந்தப் பயம் தெரியும். எதிர்பாராத மருத்துவ பில்லைத் தடுக்க 2022-இல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது, அதில் தரைவழி ஆம்புலன்ஸைச் சேர்க்கலை. நண்பனோட காரில் தூக்கிப் போட்டுக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆறு மணி நேரம் நாற்காலியில். எலும்பு முறியலை, நல்லவேளை. பில் மட்டும் அவனோட ஒரு மாச வாடகையைத் தாண்டினது.

'த பிட்' முதல் சீசனில் இதே மாதிரி மணிக்கணக்கா காத்திருந்த ஒருத்தன், கடைசியில் டேனா என்கிற தலைமை நர்ஸை முகத்திலேயே குத்திட்டுப் போயிடுவான். அடிச்சது அயோக்கியத்தனம், ரெண்டாவது பேச்சே இல்லை. ஆனா வெயிட்டிங் ரூம் ஏன் அப்படி நிரம்பி வழியுது என்று தொடர் பொறுமையா காட்டுது. மாடியில் படுக்கை இருக்கு, பார்த்துக்க நர்ஸ் இல்லை, ஏன்னா நிர்வாகம் போதுமான சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கலை. அதனால் அட்மிட் ஆனவங்க கீழேயே கிடக்கறாங்க. புதுசா வர்றவங்க நாற்காலியில் கிடக்கறாங்க. இதை யாரும் மேடைப் பேச்சா பேசலை. பதினஞ்சு மணி நேரம் நம்மளையும் அந்த நாற்காலியில் உட்கார வெச்சுக் காட்டறாங்க. விட்டேக்கர் என்று ஒரு மருத்துவ மாணவன், தங்க இடமில்லாம அதே ஆஸ்பத்திரியில் பூட்டிக் கிடக்கிற ஒரு மாடியில் படுத்துக்கறான் என்பது கடைசியில்தான் தெரியும். அதைப் பார்த்தப்போ எங்க ரூமில் யாரும் பேசலை. முதல் செமஸ்டரில் ரெண்டு வாரம் ஹாலில் காற்றடிச்ச மெத்தையில் படுத்தவங்கதானே நாங்க எல்லாரும்.

ரெண்டாவது சீசனில் குறையே இல்லையா என்று கேட்டா, இருக்கு. ஜூலை 4 சுதந்திர தினத்தில் நடக்குது. புதுசா வர்ற டாக்டர் அல்-ஹாஷிமி, நோயாளிக் குறிப்பு எழுத செயற்கை நுண்ணறிவு வேணும் என்று நிக்கறாங்க, ராபி முகத்தைச் சுளிக்கிறார். நல்ல விவாதம்தான், ஆனா சில இடத்தில் செய்தித்தாளைப் படிச்சுக் காட்டற வாசனை அடிச்சது. அதனால் என்ன, அடுத்த வாரம் சரி பண்ணிக்குவாங்க என்கிற நம்பிக்கை இருந்தது. எட்டு எபிசோடு தொடரில் ரெண்டு சொதப்பினா கால் பங்கு போச்சு.

"ஒரே நாளில் விட்டா ஒரு மாசம் காசு கட்டிப் பார்த்துட்டு நிறுத்திடலாமே, மாணவனுக்கு அதுதானே லாபம்?" என்று குண்டூர்க்காரன் கேட்டான். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டேன். 2025 அக்டோபர் ரேட்டில் எச்பிஓ மேக்ஸ் விளம்பரத்தோட மாசம் 10.99 டாலர். பதினஞ்சு வாரத்துக்கு நாலு மாசம், கிட்டத்தட்ட 44 டாலர். ரூமில் மூணு பேர் பங்கு போட்டா தலைக்கு 15. நாலு மாசம் வியாழக்கிழமை தோறும் மூணு பேரும் போனைக் கீழே வெச்சுட்டு ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம். மத்த நாளெல்லாம் அவனவன் ரூமில் அவனவன் ஹெட்போன். பதினஞ்சு டாலருக்கு இங்கே ரெண்டு தோசைகூட வராதுங்க.

பார்க்கிறவன் சௌகரியம் மட்டும் இல்லை, எழுதறவன் சோறும் இதில் இருக்கு. 22 எபிசோடு இருந்தப்போ ஒரு எழுத்தாளருக்கு வருஷத்தில் முக்கால்வாசி மாசம் வேலை. புதுசா சேர்ந்தவன் ஷூட்டிங் போய், எடிட்டிங் பார்த்து, தொழில் கத்துக்கிட்டான். எட்டு எபிசோடு ஆனதும் நாலைஞ்சு பேரை வெச்சு சில வாரத்தில் எழுதி வாங்கிட்டு அனுப்பிடறாங்க. அடுத்த வேலை எப்போ என்று தெரியாது. 2023 மே 2-லிருந்து செப்டம்பர் 27 வரை 148 நாள் எழுத்தாளர்கள் ஸ்டிரைக் பண்ணினதுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இத்தனை எபிசோடுக்கு இத்தனை பேர் குறைஞ்சது இருக்கணும் என்று எழுதி வாங்கினாங்க. பழையபடி வருஷம் முழுக்க வேலை வரணும் என்றால் 'த பிட்', 'அபாட்' மாதிரித் தொடர்கள் கூடணும். நாம பார்த்தாத்தான் கூடும்.

அதனால் என் சிபாரிசு: 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் சீசனை மட்டும் பாருங்க, மனசுக்கு நல்லது. 'புளூரிபஸ்' பொறுமை இருந்தா பாருங்க. 'அபாட்' அசதியான நாளில். 'த பிட்' கண்டிப்பா, ஆனா தயவுசெஞ்சு ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடிக்காதீங்க. வாரத்துக்கு ஒண்ணு, கூட யாராவது இருக்கும்போது. சாப்பிட்டுக்கிட்டே பார்க்க வேணாம், ரத்தம் ஜாஸ்தி. எங்க ரூமில் அதுக்காகவே வியாழக்கிழமை சாப்பாடு எட்டரைக்கே முடிஞ்சுடும்.

மூணாவது சீசனுக்கும் பச்சைக்கொடி காட்டியாச்சு. அடுத்த ஜனவரிக்குள்ளே தீசிஸ் முடிக்கணும் என்று கைடு சொல்லியிருக்கார். ரெண்டில் எது முதல்ல வருதுன்னு பார்ப்போம் :-)